இரண்டு வரியிலும் ஒரே அப்பா

எடைமேடை அக்கா எதையும் ஒரு முறை பார்த்து நம்புவதில்லை. இரண்டு முறை பார்ப்பார். லாரி சரக்கோடு வரும்போது ஒரு முறை, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. மீதியெல்லாம் டிரைவர் சொல்லும் கதை.

பெரிய சாலை வளையும் இடத்தில் அவருடைய எடைமேடை இருக்கிறது. தரையோடு தரையாக நீளமான ஓர் இரும்புத் தளம். அதன் ஓரத்தில் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அறைக்கு ஒரே ஜன்னல். உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், ஒரு மர நாற்காலி. ஒரு எடைக்கு மூன்று சீட்டு வரும். வெள்ளை டிரைவருக்கு, மஞ்சள் சரக்குக்காரருக்கு, இளஞ்சிவப்பு அக்காவுக்கு. அந்த இளஞ்சிவப்புச் சீட்டுகள் வருடவாரியாகக் கட்டப்பட்டு அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பரணின் கீழே கட்டில் போடக் கூடாது என்று அக்காவின் கணவர் சட்டம் போட்டிருக்கிறார்.

டிரைவர்களின் தந்திரங்கள் அக்காவுக்கு அத்துப்படி. சரக்கோடு வரும்போது டிரைவர் இருக்கைக்குப் பின்னால் போர்வைக்குள் ஒரு கிளீனர் படுத்திருப்பார். காலியாகப் போகும்போது அவர் நடந்து போவார். அந்த அறுபது கிலோ மனிதர் மணல் விலைக்கு விற்கப்பட்டிருப்பார். அக்கா ஜன்னலை விட்டு எழுந்து வந்து, லாரிக் கதவை ஒரு குச்சியால் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"தூங்குறவங்களும் இறங்கலாம்."

போர்வை அசையும்.

மேடை அவருடைய அப்பா போட்டது. அப்பா படுக்கையில் விழுந்தபோது, ஒரு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஒரு வாரம் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே தம்பிக்குத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கண் பரிசோதனை படித்து, கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார். அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சமையல் வாயு சிலிண்டர் வீட்டுக்கு வந்தாலும் அக்கா நிறுத்துத்தான் வாங்குவார் என்பதைச் சொல்லிவிட்டு, அவர் எல்லோரிடமும் ஒரே நகைச்சுவையைச் சேர்ப்பார்.

"என்னையும் நிறுத்துட்டுத்தான் கட்டியிருப்பா. நல்லவேளை, நான் பஸ்ல வந்தேன்."

பதினோரு வருடத்துக்கு முன்னால் தம்பி வீடு கட்டினார். அவருடைய மாமனாருக்கு இரும்புக்கடை. மாப்பிள்ளை வீட்டுக்கு மாமனார் கடையிலிருந்து ஒரு லாரி கம்பி வந்தது, பில்லோடு. வழியில் எடைமேடை இருக்கிறதே என்று மாமனாரே பெருமையாக லாரியை அதில் ஏற்றினார். கூடத் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். அக்கா இரண்டு முறையும் நிறுத்தார். பில்லைப் பார்த்தார். சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"நூத்தி எண்பது கிலோ குறையுது, மாமா."

அங்கே ஏழெட்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். மாமனார் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் தம்பி வந்தார்.

"சொந்தக்காரங்களுக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சரியா இருக்குன்னு சொல்லியிருந்தா உன் மேடை உள்ள இறங்கிடுமா?"

"மெஷின் சொன்னதைத்தானே நான் சொன்னேன்?"

"அப்ப இனிமே மெஷினோடவே சொந்தம் வச்சுக்கோ."

அன்றோடு பேச்சு நின்றது. அக்கா மூக்குக்கண்ணாடி மாற்றுவதையும் அன்றோடு நிறுத்தினார். தம்பி கடைக்குப் போக மாட்டார். வேறு கடைக்குப் போனால், "தம்பி கடை என்னாச்சு?" என்று கேட்பார்கள். ஆகவே அதே கண்ணாடி, பதினோரு வருடமாக. எழுத்து மங்கும்போது அக்கா சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கை நீளம் போதாமல் போகும் நாள் வரும் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேவை மன்றத்தில் அக்கா சேர்ந்தது பழைய பேப்பர் வழியாக. மன்றத்தில் இருபத்திரண்டு பேர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை, மருந்துக்கடைக்கு மேல் உள்ள கூடத்தில் கூடுவார்கள். நல்ல காரியத்துக்காக வீடு வீடாகப் பழைய பேப்பர் சேர்த்து ஒரு வியாபாரிக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அந்த வண்டி தற்செயலாக எடைமேடையில் ஏறியது. பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ வியாபாரியின் தராசில் காணாமல் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அடுத்த கூட்டத்திலேயே அக்காவை உறுப்பினராக்கி, அதற்கடுத்த கூட்டத்தில் பொருளாளராக்கினார்கள். தம்பி ஏற்கெனவே அங்கே உறுப்பினர். பிறகு தலைவரும் ஆனார்.

ஒரே கூடத்தில் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும் இருவரும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் செயலாளர். அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், எந்த முகத்தையும் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். இவர்களிடம் மட்டும் தோற்றுப்போனார்.

"செயலாளரே, ஃபேன் தலைவருக்கு மட்டும் சுத்துதுன்னு சொல்லுங்க."

"பொருளாளர்கிட்ட சொல்லுங்க செயலாளரே, ஃபேனுக்குக் கண்ணு கிடையாது, ஆள் பார்த்துச் சுத்தாது."

செயலாளர் எழுந்து ஃபேனைத் திருப்பி வைப்பார்.

அப்படி இருக்கையில்தான் மன்றத்துக்கு ஒரு மானியம் கிடைத்தது. பெண்கள் பள்ளிக்கு எட்டுக் கழிப்பறை கட்டும் திட்டம். முகம் தெரியாத ஊர்களில் இதே மாதிரி மன்றங்கள் பழைய புத்தகம் விற்றும், கார் கழுவியும் சேர்த்த பணம், தலைமையகம் வழியாக இரண்டு தவணையில் வரும். முதல் தவணையில் சுவரும் கூரையும். அதற்கு ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால் இரண்டாம் தவணை: கதவு, தொட்டி, மோட்டார், குழாய். கொடுக்காவிட்டால் இரண்டாவது வராது. முதலாவதையும் திருப்பிக் கேட்கலாம்.

அக்கா பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். தலைமையாசிரியை ஒரு வகுப்பறை மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைக் காட்டினார்.

"காலையில நிரப்பி வைப்போம். சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே இருக்கும்."

"பிள்ளைங்களுக்குத் தாகம் எடுக்காதா?"

"எடுக்கும். குடிச்சா எங்க போறது?"

அக்கா கேனின் பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பதினைந்து கிலோ இருந்தது. அந்தப் பதினைந்து கிலோ அவர் மனதை விட்டு இறங்கவில்லை.

மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும், ஒவ்வொரு காசோலையிலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. யார் அந்த இரண்டு பேர் என்று வந்தபோது, மருந்துக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"தலைவரும் பொருளாளரும்தான். இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து காசைத் தொடணும்னா முதல்ல பேசிக்கணும். அது நடக்காது."

கூடம் முழுக்கக் கைதட்டியது. படிவம் சுற்றுக்கு வந்தது. அதில் ஒரு கேள்வி: கையெழுத்திடும் இருவருக்கும் இடையே உறவு உண்டா? அன்றைக்கு ஃபேன் விஷயத்தில் அக்காவுக்குக் கொஞ்சம் சூடு இருந்தது. 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். தாள் கிழிந்தது. தம்பி அதைப் பார்த்தார், மூன்றாவது கோடு ஒன்று போட்டுக் கையெழுத்திட்டார். மற்ற இருபது பேருக்கும் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பது தெரியும். ஆனால் பதினோரு வருடச் சண்டையைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சண்டைதான் தெரிந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வேலை தொடங்கியது. பொருள் வாங்குவது தலைவர். பில்லைச் சரிபார்ப்பது பொருளாளர். பேச்சு இல்லாததால் எல்லாமே எழுத்தில் நடந்தது. அக்கா சந்தேகங்களை எடைச்சீட்டின் முதுகில் எழுதி அனுப்புவார். தம்பி பதிலைக் கண் பரிசோதனைச் சீட்டில் எழுதி அனுப்புவார். அதில் வலது கண், இடது கண் என்று இரண்டு கட்டம் அச்சாகியிருக்கும். அவர் கேள்வியை வலது கண்ணிலும் பதிலை இடது கண்ணிலும் எழுதுவார். தூது போவது செயலாளரின் ஸ்கூட்டர்.

'தலைவர் அவர்களுக்கு. செங்கல் நாலாயிரம் என்று பில். வந்தது அந்தச் சின்ன லாரி ஒன்று. நாலாயிரமும் அதில் ஏறியிருந்தால் அந்த லாரியை நான் ஒரு முறை கும்பிட வேண்டும்.'

'பொருளாளர் அவர்களுக்கு. இரண்டு நடை வந்தது. இரண்டாவது நடை தாங்கள் சாப்பிடப் போன நேரம். டிரைவர் வேண்டுமென்றே அந்த நேரத்தில் வந்தாராம். தங்களைக் கண்டால் அவருக்குப் பயம்.'

'எண்ணினீர்களா?'

'மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. பதினாலு உடைந்தது. உடைந்ததற்குப் பணம் கழித்தாயிற்று. கழித்த பில் இத்துடன். இதைப் படிக்க முடியவில்லை என்றால் நல்ல கண்ணாடிக் கடை ஒன்று கடைவீதியில் இருக்கிறது.'

'கடைசி வரி கணக்குக்குச் சம்பந்தமில்லாதது. இருந்தாலும் கோப்பில் வைக்கப்படுகிறது.'

இப்படி ஏழு மாதத்தில் இருநூற்றுப் பதினாறு சீட்டுகள். அக்கா எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கோப்பில் குத்தி வைத்தார். சிமெண்ட் மூட்டை, ஜல்லி, கூலி, தண்ணீர் லாரி, எதுவும் தப்பவில்லை. செயலாளரும் தப்பவில்லை. அவர் தன் ஸ்டுடியோவிலேயே திட்டத்தின் புகைப்பட ஆல்பம் ஒன்றைப் போட்டு, தானே பில்லும் கொடுத்திருந்தார். அதன் மேல் அக்கா எழுதினார்: 'உறுப்பினர் கடை. வேறு இரண்டு கடையில் விலை கேட்கவில்லை. ஆல்பத்தில் செயலாளர் படம் மட்டும் பதினொன்று. நிறுத்தி வைக்கப்படுகிறது.' கீழே தம்பி எழுதினார்: 'பன்னிரண்டு. அட்டையிலும் இருக்கிறார்.'

சுவர் எழுந்தது, கூரை போட்டாயிற்று. இரண்டாம் தவணைக்கான படிவம் வந்தது. தம்பி தன் வரியை நிரப்பிக் கையெழுத்திட்டு ஸ்கூட்டரில் அனுப்பினார். முற்பகலில் லாரி இல்லாத நேரம் பார்த்து, அக்கா படிவத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிரப்பினார். பெயர். வயது. தொழில். தந்தை பெயர். எழுதி முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று வழக்கம்போல இரண்டாவது முறை பார்த்தார்.

மேல் வரியில் தம்பி கையெழுத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. கீழ் வரியில் அவர் கையெழுத்தில் அதே பெயர். ஒன்றின் மேல் ஒன்று, ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

அக்கா கோப்பைத் திறந்து முதல் படிவத்தின் நகலை எடுத்தார். 'இல்லை.' மூன்று கோடு. விதிப்புத்தகத்தைப் பிரித்தார். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் சேர்ந்து ஒரே கணக்கில் கையெழுத்திடக் கூடாது. பொய்யான தகவல் தந்தால் மானியம் ரத்தாகும். வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி நின்று ஹாரன் அடித்தது. இரண்டாவது ஹாரனுக்குத்தான் அக்கா எழுந்தார்.

அந்தச் சனிக்கிழமை தம்பி கூட்டத்துக்கு வரவில்லை, கடையில் கூட்டம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா விஷயத்தைச் சொல்லி, விதிப்புத்தகத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். பிறகு செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"இதுல என்னங்க பெரிய விஷயம்? ஒரு இடத்துல அப்பா பேரை முழுசா எழுதுங்க. இன்னொரு இடத்துல முதல் எழுத்து மட்டும் போடுங்க. அவங்க என்ன, உங்க வீட்டுக்கு வந்தா பார்க்கப் போறாங்க?"

"அப்ப எங்கப்பாவைப் போர்வைக்குள்ள படுக்க வைக்கச் சொல்றீங்க."

செயலாளருக்குப் புரியவில்லை. அங்கே இருந்த இரண்டு லாரி முதலாளிகளுக்குப் புரிந்தது. அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் மெல்லக் கேட்டார். "உண்மையைச் சொன்னா பணம் போயிடுமே. கதவில்லாத எட்டு ரூமை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

அக்கா விதிப்புத்தகத்தை மூடினார். அவர் மனதில் அந்தக் கேன் பதினைந்து கிலோவோடு இருந்தது.

"சொல்லாம வாங்கி, பின்னாடி அவங்க கண்டுபிடிச்சா சுவரையும் சேர்த்து வித்துத்தான் திருப்பணும்," என்றார். "நாமளே எழுதிடலாம். ஆனா கடிதத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான், அதற்குத் தம்பியோடு நேராகப் பேச வேண்டியிருக்கும் என்பது அவருக்கே உறைத்தது.

எடைச்சீட்டில் எழுதிப் பார்த்தார். 'தலைவர் அவர்களுக்கு. நாம் உடன்பிறந்தவர்கள் என்பது கவனத்துக்கு வந்துள்ளது.' பதில் வந்தது. வலது கண்: 'யார் கவனத்துக்கு?' இடது கண்: 'இதை இந்தக் கட்டத்தில் எழுத இடம் போதாது.'

திங்கட்கிழமை காலை அக்கா கடைவீதிக்குப் போனார். கணவர் மேடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். "சண்டை போட்டா ரசீது வாங்கிட்டு வா," என்றும் சொன்னார்.

தம்பி கடையில் இருந்த பெண்ணுக்கு வந்தவர் யாரென்று தெரியாது. "கண் டெஸ்டா? உள்ள வாங்கம்மா," என்று பரிசோதனை அறைக்குள் உட்கார வைத்துவிட்டாள். அறை சின்னது. எழுத்துப் பலகை நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி. அதில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தம்பி உள்ளே வந்து, விளக்கைப் போட்டு, யாரென்று பார்த்து அப்படியே நின்றார்.

நடுவில் செயலாளர் இல்லை. இருவரும் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார்கள். அதில் ஓர் அக்காவும் ஒரு தம்பியும் தெரிந்தார்கள்.

"தலைவர்கிட்ட ஒரு விஷயம் பேசணும்," என்றார் அக்கா, கண்ணாடியிடம்.

"முதல்ல மூணாவது வரியைப் படிக்கச் சொல்லுங்க," என்றார் தம்பி, கண்ணாடியிடம்.

அக்கா கண்ணைச் சுருக்கினார். "அங்க மூணாவது வரி இருக்கா?"

தம்பி அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் தன் கையால் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான் அது.

"இதை வச்சுக்கிட்டா ஏழு மாசமா என் பில்லுல குத்தம் கண்டுபிடிச்சே?"

"குத்தம் பெரிசா இருந்துச்சு."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கச் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து அக்கா முகத்தில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். இது நல்லா தெரியுதா, இது நல்லா தெரியுதா. அந்த வேலையில் கை இருக்கும்போது பேச்சு எளிதாக வந்தது.

"படிவத்தை அனுப்பும்போதே நான் பார்த்துட்டேன்," என்றார். "நீ என்ன பண்றேன்னு பார்க்கத்தான் அனுப்பினேன்."

"நான் என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பதினோரு வருஷமாத் தெரியும்." ஒரு வில்லையைத் திருப்பினார். "அந்தக் கம்பி. அடுத்த வாரமே மாமா மீதியை அனுப்பிட்டார். வாயே திறக்காம. நூத்தி எண்பது கிலோ."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"எடை போட்டதே நான்தானே. விடிகாலையில வேற பேருல ஒரு குட்டி வண்டி வந்துச்சு. சீட்டுப் பரண்ல இருக்கு."

தம்பி வில்லையைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சரக்கு சரியாப் போய்ச் சேர்ந்துடுச்சு. அதுக்கு மேல எனக்கென்ன வேலை? நீதான் வந்து சொல்லணும்."

"எப்படி வர்றது? நீ சொன்னது சரின்னு ஆயிடும்ல."

"ஆயிடும்," என்றார் அக்கா. "இப்ப அஞ்சாவது வரி தெரியுது."

கடிதத்தை அங்கேயே, பரிசோதனைச் சீட்டின் கட்டத்துக்குள் அடங்காமல் வெள்ளைத்தாளில் எழுதினார்கள். 'தவறுதலாக' என்று ஆரம்பித்தார் தம்பி. அக்கா பேனாவைப் பிடுங்கினார்.

"தவறுதலா எங்க எழுதினோம்? கோடு போட்டு எழுதினோம்."

"கோபத்துலன்னு போட்டா சின்னப்புள்ளத்தனமா இருக்காதா?"

"சின்னப்புள்ளத்தனம்தானே பண்ணினோம்."

முக்கால் மணி நேரச் சண்டைக்குப் பிறகு கடிதம் இப்படி முடிந்தது: 'நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். உறவு இல்லை என்று எழுதியபோது நாங்கள் பதினோரு வருடமாகப் பேசாமல் இருந்ததால் அது உண்மை என்றே நினைத்தோம். அது உண்மையல்ல. கணக்கு முழுவதையும் நீங்கள் நேரில் வந்து பார்க்கலாம். எந்த முடிவானாலும் ஏற்கிறோம். பள்ளிக்கு மட்டும் தண்டனை வேண்டாம்.' கடைசி வரி வேண்டாம், கெஞ்சுவது போல இருக்கிறது என்றார் தம்பி. அக்கா அதற்குள் உறையை ஒட்டிவிட்டார்.

எழும்போது தம்பி சொன்னார். "புதுக் கண்ணாடி வியாழக்கிழமை ரெடியாயிடும். காசெல்லாம் வேண்டாம்."

"பில் போடு. தலைவர் பொருளாளருக்கு இலவசமாக் கொடுத்தா அது வேற படிவத்துல வரும்."

மூன்றாவது வாரம் தலைமையகத்திலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், துணிப்பையில் ஓர் அளவு டேப், ஒரு கால்குலேட்டர். முதலில் பள்ளிக்குப் போய்ச் சுவரை அளந்தார். பிறகு கூடத்துக்கு வந்து கோப்பைக் கேட்டார். அக்கா நான்கு கோப்புகளை மேஜையில் வைத்தார். மேஜை கிறீச்சிட்டது.

இருபத்திரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தணிக்கையாளர் படித்தார். ஒரு மணி நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று செயலாளர் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார். அவர் நூற்று நாற்பதாவது சீட்டைக் காட்டி, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அது பதினாலு உடைந்த செங்கல்.

"இந்த வேலையில பத்தொன்பது வருஷமா இருக்கேன்," என்றார் ஒருவழியாக. "எல்லாக் கோப்பும் வழவழன்னு இருக்கும். எல்லாரும் எல்லாத்துக்கும் சம்மதிச்சிருப்பாங்க. அதைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். இதுலதான் ஒவ்வொரு பைசாவுக்கும் ஒரு சண்டை இருக்கு."

பிறகு ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். "இந்த ஆல்பம் யாருது?"

செயலாளர் யாரையும் சிரிக்க வைக்கும் தன் முகத்தைக் காட்டினார். வேலைக்காகவில்லை.

"பணம் கொடுக்கலை, நிறுத்தி வச்சிருக்காங்க. அதனால தப்பிச்சீங்க," என்றார் தணிக்கையாளர். பிறகு அக்காவையும் தம்பியையும் பார்த்தார். "ஆனா விதி விதிதான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட முடியாது. ஒருத்தர் விலகணும். யாரு?"

"நான்," என்றார் அக்கா.

"நான்," என்றார் தம்பி, அதே நேரத்தில்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தணிக்கையாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்பதான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேரும் ஒத்துப்போக ஆரம்பிச்சுட்டீங்களே."

பத்து நாளில் பதில் வந்தது. பொய்யான தகவலுக்கு எழுத்தில் கண்டிப்பு. அதைத் தாங்களே தெரிவித்ததற்கு ஒரு வரிப் பாராட்டு. இரண்டாம் தவணை அனுப்பப்படும், மூன்று நிபந்தனைகளோடு. பொருள் வாங்கும் தலைவர் இனிக் கையெழுத்திடக் கூடாது, அவர் இடத்தில் மருந்துக்கடைக்காரர். உறுப்பினர் கடைகளில் எதுவும் வாங்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையைச் செயலாளர் கூட்டத்தில் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது: 'தலைவரும் பொருளாளரும் தற்போது பேசிக்கொள்வதாக அறிகிறோம். எனினும், சீட்டு எழுதும் வழக்கம் எக்காரணம் கொண்டும் நிறுத்தப்படக் கூடாது.'

கதவுகள் வந்தன, எட்டு. தொட்டி ஏறியது. மோட்டார் ஓடியது. திறப்பு விழாவுக்கு மானியத்திலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. கல்வெட்டுக்கு ஆசைப்பட்ட நாலு பேர் தங்கள் பையிலிருந்து போட்டு, அதுவும் போதாமல், ஒரு சின்னப் பலகையோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் நாலு மணிக்கு, அக்கா யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்குப் போனார். வகுப்பறை மூலையில் இருந்த கேனின் பிடியைப் பிடித்துத் தூக்கினார். பழக்கத்தில் கொஞ்சம் பலமாகத் தூக்கிவிட்டார். கேன் கையோடு எழும்பி வந்தது. காலி.

மறுநாள் தம்பி எடைமேடைக்கு வந்தார். தூசுக்குக் கைக்குட்டையை மூக்கில் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"அக்கா, அந்தக் குழாய்க் கடைக்காரர் மீதிப் பணம் கேக்கிறார். நாலு வால்வு, ரெண்டு வளைவு. சரியா இருக்கு, நான் பார்த்துட்டேன். போட்டு விட்டுடு."

அக்கா புதுக் கண்ணாடி வழியாக அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு வெற்று எடைச்சீட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

"எழுதிக் குடு."

"நேர்லதானே நிக்கிறேன்."

"மூணாவது நிபந்தனை."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தம்பி சீட்டைச் சுவரில் வைத்து எழுதினார். 'பொருளாளர் அவர்களுக்கு' என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு, அதை அடித்து, 'அக்காவுக்கு' என்று மாற்றினார். மீதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அக்கா வாங்கிப் படித்தார். முதல் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டாவது முறையும் படித்தார்.

"பில் நம்பர் எங்க?" என்றார்.